நிலையத்துக்கு வந்து சேராத நீர்: சென்னையின் கழிவுநீர்க் கணக்கு

சென்னையின் கழிவுநீரைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் 727 என்ற எண் முன்னால் வந்து நிற்கும். கொடுங்கையூரில் 270, கோயம்பேட்டில் 214, பெருங்குடியில் 126, நெசப்பாக்கத்தில் 117 என்று நான்கு இடங்களிலுள்ள சுத்திகரிப்பு நிலையங்களின் கொள்திறனைக் கூட்டினால் வருகிற தொகை அது. அலகு எம்.எல்.டி.; ஒரு எம்.எல்.டி. என்பது நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர். பல ஆண்டுகளாகக் குடிநீர் வாரியத்தின் ஆவணங்களில் இடம்பெற்றுவந்த இந்த எண்ணை ஓர் எளிய கணக்கால் சோதித்துப் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, இன்றைய மாநகராட்சி எல்லையான 426 சதுர கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 67 லட்சம் பேர் வசித்தனர். பெருநகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பதும், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பதும் நம் பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொதுவிதி. பெருக்கிப் பார்த்தால் 724 எம்.எல்.டி. வருகிறது. தாளில் கணக்கு கச்சிதமாக நேராகிவிடுகிறது. சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கூவத்தின் ஓரமாகப் போகிறவருக்கோ, இந்தக் கணக்கில் எங்கோ பெரிய ஓட்டை இருக்கிறது என்பதைச் சொல்ல மூக்கே போதும்.

மக்கள்தொகை 2011க்குப் பிறகு கூடியிருக்கிறது என்பதும், வீட்டு ஆழ்துளைக் கிணறுகளிலிருந்தும் லாரிகளிலிருந்தும் வருகிற தண்ணீர் 135 லிட்டர் கணக்கில் அடங்குவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் ஓட்டை அங்கே மட்டும் இல்லை. சுத்திகரிப்பு நிலையம் தன்னிடம் வந்து சேரும் நீரைத்தான் சுத்திகரிக்க முடியும். ஒரு குளியலறையின் தரைத்துவாரத்துக்கும் கோயம்பேட்டு நிலையத்தின் நுழைவு வாய்க்காலுக்கும் இடையே பல கிலோமீட்டர் குழாயும், சில உந்து நிலையங்களும், மூன்று துறைகளின் எல்லைக்கோடுகளும் கிடக்கின்றன. புதிய நிலையம் திறக்கப்பட்டால் கல்வெட்டு வைக்கிறோம், படம் எடுக்கிறோம். மண்ணுக்கடியில் இருக்கும் குழாய்க்கு அந்தப் பேறு கிடைப்பதில்லை. கழிவுநீர்ச் சிக்கலின் பெரும்பகுதி அந்தக் கண்ணுக்குத் தெரியாத இடைவழியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்த இடைவழிக்கு நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸ் மாநகராட்சியின் சிறப்புப் பொறியாளராக இருந்த ஜே. டபிள்யூ. மேட்லி, கீழ்ப்பாக்கம் குடிநீர் நிலையத்தோடு நகரத்துக்கான முறையான கழிவுநீர்க் கட்டமைப்பையும் வடிவமைத்தார். தியாகராய நகரில் அவர் பெயரைத் தாங்கிய சாலையும் சுரங்கப்பாதையும் இருக்கின்றன. அடைமழையில் முதலில் மூழ்கும் சுரங்கப்பாதைகளில் அதுவும் ஒன்று என்பது காலத்தின் குறும்பு. 1910 வாக்கில் உருவான அந்தத் திட்டம், 1961ஆம் ஆண்டில் நகரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு 114 லிட்டர் கழிவுநீர் வரும் என்று கணித்தது. ஐம்பது ஆண்டுகளை முன்கூட்டிப் பார்த்த துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 1961 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதற்குள் 1958இல் விரிவான மறுதிட்டம் ஒன்று வகுக்கப்பட்டு, நகரம் ஐந்து கழிவுநீர் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. 1978இல் சென்னைக் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் தனி அமைப்பாக உருவானது. நகரத்தார் வாயில் அது இன்றும் மெட்ரோ வாட்டர்தான். பெயரிலேயே நன்னீர் முந்திக்கொள்ள, கழிவுநீர் பின்தங்கிவிட்டது. சுத்திகரிப்பு என்ற சொல் பரவலாவதற்கு முன்னால், கொடுங்கையூர்ப் பண்ணையில் கழிவுநீரைப் பாய்ச்சி மாட்டுத்தீவனப் புல் வளர்த்ததும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி.

மேட்லி முதல் இன்றைய பொறியாளர்வரை அனைவரையும் மல்லுக்கட்ட வைத்திருப்பது இந்த நகரத்தின் தட்டையான நிலம். கழிவுநீர்க் குழாய் குடிநீர்க் குழாயைப் போல அழுத்தத்தில் இயங்குவதில்லை. சரிவில், தன் எடையில், குழாயின் ஒரு பகுதியை மட்டும் நிரப்பிக்கொண்டு ஓட வேண்டும். நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது இல்லாவிட்டால் அதில் வரும் மணலும் கசடும் அடியில் தங்கிவிடும். அந்த வேகத்துக்கு 250 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு தேவைப்படுகிற குழாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அது நான்கு மீட்டர் கீழே இறங்கியாக வேண்டும். சராசரியாகக் கடல்மட்டத்திலிருந்து ஆறேழு மீட்டர் உயரத்தில் மட்டுமே இருக்கிற ஊரில் இந்தச் சரிவுக்கு எங்கே போவது? தோண்டித் தோண்டி ஆழப்படுத்தி, இனித் தோண்ட முடியாது என்ற இடத்தில் ஒரு கிணறு கட்டி, பம்பு வைத்து நீரை மேலே தூக்கி, மறுபடி சரிவில் விடுகிறார்கள். சென்னையில் அப்படி முந்நூறுக்கும் மேற்பட்ட உந்து நிலையங்கள் இருக்கின்றன. தெருமுனையில் பச்சைக் கதவு போட்ட சிறு கட்டடம், உள்ளே ஓயாத மோட்டார் முனகல், சுற்றுச்சுவரோரம் அழுகிய முட்டை நாற்றம் என்று பலருக்கும் அது பழக்கப்பட்டிருக்கும். அங்கே மின்சாரம் நின்றாலோ பம்பு பழுதானாலோ, சுத்திகரிப்பு நிலையம் எவ்வளவு நவீனமாக இருந்தும் பயனில்லை. மேல்தெருவில் உள்ள ஆள்நுழைவுக் குழியின் மூடி தூக்கிக்கொள்ளும்.

அந்த முட்டை நாற்றத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் குழாயின் வாழ்வும் மனிதரின் சாவும் அதில் பின்னிக் கிடக்கின்றன. நீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கழிவுநீரிலுள்ள சல்ஃபேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குகின்றன. அது மேலெழுந்து, குழாயின் ஈரமான உச்சியில் படிந்து, அங்குள்ள வேறு வகைப் பாக்டீரியாக்களால் கந்தக அமிலமாக மாறுகிறது. அமிலம் கான்கிரீட்டைக் கூரையிலிருந்து மெல்லத் தின்கிறது. பல ஆண்டுகள் கழித்து ஒரு நாள் காலையில் நடுச்சாலையில் திடீரென்று பள்ளம் விழுந்து ஒரு காரோ பேருந்தோ சாய்ந்து நிற்கும் செய்திக்குப் பின்னால் பல நேரங்களில் இந்த வேதியியல்தான் இருக்கிறது. வெப்பமான ஊரில் இந்த வினை இன்னும் விரைவாக நடக்கும்.

இதே வாயுதான் குழிக்குள் இறங்குகிறவரைக் கொல்வதும். குறைந்த அளவில் நாறும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அளவு கூடும்போது முகரும் நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் குறைந்துவிட்டது என்று நம்பி இன்னொரு படி இறங்குகிறவர் மயங்கி விழுவார்; அவரைத் தூக்க இறங்குகிற இரண்டாமவரும் விழுவார். கையால் மலம் அள்ளும் தொழிலை ஒழிப்பதற்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவியின்றி மனிதரைச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறக்குவதைத் தடைசெய்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய சாவு ஒவ்வொன்றுக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இருந்தும் இத்தகைய சாவுகளின் தேசியப் பட்டியலில் தமிழ்நாடு முன்வரிசையை விட்டு இறங்கியதில்லை. பெருங்குழாய்களுக்கு, நீரைப் பீய்ச்சி அடைப்பை நீக்கும் ஜெட் ராடிங் லாரிகளும் தூர்வாரும் இயந்திரங்களும் வந்துவிட்டன. சாவுகள் பெரும்பாலும் தனியார் வீடுகளிலும் விடுதிகளிலும் குடியிருப்புகளிலும், ஒப்பந்தத்தின் ஒப்பந்தமாக அழைத்துவரப்படும் கூலியாட்களுக்கு நேர்கின்றன. அடைப்பு எதனால் வருகிறது என்று அவர்களைக் கேட்டால் நாப்கின், தலைமுடி, துணிக்கந்தல், உணவகங்களின் உறைந்த எண்ணெய்க்கொழுப்பு, கட்டட வேலையின் சிமென்ட் பால் என்று வரிசையாகச் சொல்வார்கள். குழாயின் வடிவமைப்பில் இவை எதற்கும் இடமில்லை.

இனி மழைநீர் வடிகால். நகரின் கழிவுநீர்க் குழாய் வாரியத்துக்கு உரியது. மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு உரியது. இரண்டும் போய் முடிகிற ஆறும் கால்வாயும் நீர்வளத் துறையின் பொறுப்பு. தெருவின் ஒரே குறுக்குவெட்டில் மூன்று ஆட்சிகள். குழாய் அடைத்துக்கொண்டு தெருவில் பொங்குகிறபோது, பக்கத்திலேயே திறந்து கிடக்கும் மழைநீர் வடிகாலில் அதைத் திருப்பிவிடுவது மிக எளிய வழி. தெருக்காரரும் செய்வார், சில நேரம் வேறு வழியில்லாத ஊழியரும் செய்வார். இணைப்புக் கட்டணம் கட்ட மனமில்லாத கட்டட உரிமையாளர் இரவோடு இரவாக வடிகாலில் ஒரு குழாயைச் சொருகிவிடுவார். அந்த நீர் எந்த நிலையத்தையும் பார்க்காமல் ஓட்டேரி நல்லா என்ற ஓடைக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நேரடியாகப் போகிறது. மழைக்காலத்தில் இது தலைகீழாகிறது. முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தெருவில் யாராவது ஒருவர் கடப்பாரையால் சாக்கடை மூடியை நெம்பித் திறந்துவிடுவார். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்குவதைத் தெருவே நிம்மதியோடு பார்க்கும். மழைநீரோடு மணலும் நெகிழிப் பைகளும் சேர்ந்து குழாயில் இறங்கியிருக்கின்றன என்பது ஜனவரியில் அடைப்பு வரும்போதுதான் தெரியும். இரண்டு குழாய்களையும் பிரித்து வைத்த ஊரில், நடைமுறையில் இரண்டும் கலந்தே ஓடுகின்றன.

ஆறுகளின் நிலையும் இந்தக் கலப்பைத் தாங்கக்கூடியதாக இல்லை. கூவமும் அடையாறும் ஆண்டின் பெரும்பகுதி இயற்கை நீரோட்டம் இல்லாதவை. முகத்துவாரங்களை மணல்திட்டு அடைத்துக்கொள்கிறது. ஓடும் ஆற்றில் பத்து லிட்டர் கழிவுநீர் கலந்தால் அது நீர்த்துப்போகும். ஓடாத ஆற்றில் கலந்தால் அந்தப் பத்து லிட்டர்தான் ஆறு.

2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, சாக்கடை இணைப்பே இல்லாத நகராட்சிகளும் ஊராட்சிகளும் ஒரே நாளில் சென்னை ஆகிவிட்டன. குழாய் அந்த வேகத்தில் போகவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடி மாளிகைகளுக்குக் கீழே கழிவுநீர்க் குழாய் வருவதற்கு முன்பே பல்லாயிரம் வீடுகள் வந்துவிட்டன. இடைவெளியை நிரப்பியது கழிவுநீர் லாரி. செப்டிக் டேங்கில் மாதக்கணக்கில் கெட்டிப்பட்ட கசடு, குழாயில் வரும் கழிவுநீரைவிடப் பன்மடங்கு அடர்த்தியானது. முறைப்படி அது நிலையத்தில் கொண்டுவந்து இறக்கப்பட வேண்டும். நிலையம் தொலைவு, வரிசை நீளம், டீசல் விலை என்று ஒவ்வொன்றும் ஓட்டுநரை அருகிலுள்ள கால்வாய்ப் பக்கமோ காலிமனைப் பக்கமோ தள்ளுகின்றன. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல், உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு முன்னால் அந்த நிலம் எத்தனை லாரிகளைப் பார்த்திருக்கும் என்பதை அங்கே நெடுநாள் குடியிருப்பவர்கள் அறிவார்கள்.

மக்கள் பணம் தர மாட்டார்கள், அதனால்தான் குழாய் போட முடியவில்லை என்று சொல்வோருக்கு ஆலந்தூரை நினைவூட்ட வேண்டும். இன்று சென்னையின் ஒரு மண்டலமான ஆலந்தூர், 1990களின் பிற்பகுதியில் தனி நகராட்சியாக இருந்தபோது, வீட்டு இணைப்புக்கு முன்பணமாக 5,000 ரூபாயை மக்களிடமே திரட்டிப் பாதாளச் சாக்கடைத் திட்டத்தைத் தொடங்கியது. அன்று அது சிறு தொகை அல்ல. அப்போதைய நகராட்சித் தலைவர் ஆர்.எஸ். பாரதி தெருத்தெருவாகக் குடியிருப்போர் சங்கங்களைச் சந்தித்து விளக்கியதும், தொகை திரண்ட பிறகே வேலை தொடங்கியதும் இந்தியாவின் பல நகரங்கள் வந்து பார்த்துவிட்டுப் போன செய்தி. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி இயக்கும் ஒப்பந்தத்தில் பெருங்குடியில் அமைத்தார்கள். அதில் கவனிக்க வேண்டியது வரிசை: முதலில் வீட்டு இணைப்புக்கான பணம், பிறகு குழாய், கடைசியில் நிலையம். நிலையத்தைக் கட்டிவிட்டு நீர் வருமென்று காத்திருக்கும் வழக்கமான வரிசை அங்கே திருப்பிப் போடப்பட்டது.

இத்தனை தடைகளையும் தாண்டி வந்து சேர்கிற நீருக்கு நிலையத்தில் நடப்பது உண்மையிலேயே அழகான வேலை. காலை ஆறு மணிக்கு நகரம் திறக்கும் குழாயின் அலை, உந்து நிலையங்களில் தங்கித் தங்கி, நிலையத்தின் வாயிலுக்கு வர முற்பகல் ஆகிவிடும். முதலில் கம்பிச் சல்லடை. ஷாம்பூ சாசே, பான்பராக் உறை, தென்னந்துடைப்பக் குச்சி, செருப்பு என்று நகரத்தின் அன்றாடம் அங்கே சொட்டச் சொட்டத் தொங்கும். பிறகு மணல் நீக்கும் தொட்டி, அடுத்து கனமான கசடு தானாக அடங்கும் முதல்நிலைப் படிவுத் தொட்டி. இவ்வளவும் வடிகட்டலும் படிய வைத்தலும்தான். நீரில் கரைந்திருக்கும் அழுக்கை இவற்றால் தொட முடியாது.

அதைத் தொடுவது நுண்ணுயிர்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், டேவிஹல்ம் கழிவுநீர் நிலையத்தில் வேலை பார்த்த ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர், கழிவுநீரில் காற்றை ஊதி, அதில் உருவாகும் பழுப்புக் கசடைத் தூக்கி எறியாமல் அடுத்த தொகுதி நீரில் சேர்த்தால் சுத்தமாகும் நேரம் சில மணிகளாகச் சுருங்குவதை 1914இல் உலகுக்குச் சொன்னார்கள். அந்தக் கசடு உண்மையில் பசியோடு இருக்கும் பாக்டீரியாக் கூட்டம். சென்னையின் பெரிய நிலையங்களும் இந்த முறையில்தான் இயங்கி வந்திருக்கின்றன. காற்றூட்டல் தொட்டியில் பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்று பெருகும். இரண்டாம் படிவுத் தொட்டியில் அவை கீழே அடங்கும். மேலே தெளிந்த நீர் வழியும். அடங்கிய கூட்டத்தில் பெரும்பகுதி மறுபடி காற்றூட்டல் தொட்டிக்கே வேலைக்குத் திரும்பும். நீரின் அழுக்கை பி.ஓ.டி. என்ற அளவால் சொல்கிறார்கள்: அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன். நம் நாட்டில் இதை 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்து அளக்கிறார்கள். லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் என்று உள்ளே வருவது 20க்குக் கீழே வெளியேற வேண்டும்.

மூன்று நாள் கழித்து வரும் முடிவை வைத்துக்கொண்டு இன்றைய தொட்டியை ஓட்ட முடியாது. அதனால் நிலையத்தில் பணியிலிருப்பவர் ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் தொட்டி நீரை மொண்டு மேசைமேல் வைத்துவிட்டு அரைமணி நேரம் காத்திருப்பார். முதலில் சாக்லேட் பால் போலக் கலங்கியிருப்பது, சில நிமிடங்களில் பஞ்சுப் பஞ்சாகத் திரண்டு இறங்கத் தொடங்கும். முப்பதாவது நிமிடத்தில் கசடு 250, 300 மில்லிலிட்டர் கோட்டில் நின்று, மேலே நீர் தெளிந்திருந்தால் தொட்டி நலமாக இருக்கிறது. 700, 800இலேயே நின்றுவிட்டால் நூல்போன்ற பாக்டீரியாக்கள் பெருகிக் கசடை உப்ப வைத்திருக்கின்றன என்று பொருள். காற்றை மாற்ற வேண்டும், கசடை வெளியேற்ற வேண்டும். மூக்கும் ஒரு கருவிதான். நன்றாக ஓடும் காற்றூட்டல் தொட்டியில் மலநாற்றம் இருக்காது, மழை பெய்த மண்ணின் வாடை இருக்கும். நிலையத்துக்குள் போகும் எவரும் முதலில் நம்ப மறுக்கும் செய்தி இது.

கசடு ஒரு தனிக்கதை. படிவுத் தொட்டிகளில் சேர்ந்த கசடைக் காற்றுப்புகாத பெரிய கலன்களில் வாரக்கணக்கில் செரிக்க விட்டால் மீத்தேன் மிகுந்த எரிவாயு வருகிறது. கொடுங்கையூரில் 110 எம்.எல்.டி. அலகோடு அமைந்த எரிவாயு எஞ்சின் ஏறத்தாழ ஒரு மெகாவாட் திறன் கொண்டது. 2000களின் நடுவில் கட்டப்பட்ட இந்தத் தலைமுறை நிலையங்கள் தமக்கு வேண்டிய மின்சாரத்தின் கணிசமான பங்கைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. காற்றூட்டும் ஊதிகளே நிலையத்தின் மின்செலவில் பெரும்பங்கைத் தின்பதால் இது சிறிய வரவு அல்ல. இங்கேயும் பழைய சிக்கல் வந்து நிற்கிறது: மழைநீர் கலந்து நீர்த்துப்போன கழிவுநீர் வந்தால் கசடு குறைவு, கசடு குறைந்தால் வாயு குறைவு, வாயு குறைந்தால் மின்கட்டணம் கூடும்.

சுத்திகரித்த நீரிலும் ஒரு மறைவான அழுக்கு மிஞ்சுகிறது. பழைய வடிவமைப்புகள் பி.ஓ.டி.யை இறக்குவதற்காகக் கட்டப்பட்டவை; நைட்ரஜனும் பாஸ்பரசும் பெருமளவு அவற்றின் வழியே கடந்துபோய்விடும். சிறுநீரும் சலவைத்தூளும் தரும் இந்தச் சத்துகள் தேங்கிய ஆற்றில் உரமாகின்றன. ஆகாயத்தாமரை ஆண்டுதோறும் கூவத்தையும் அடையாற்றையும் மூடுவதும், பொக்லைன் இறக்கி அள்ளுவதும், மறுபடி மூடுவதும் இதனால்தான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில் பி.ஓ.டி.யை 10க்கும், மொத்த நைட்ரஜனை 10க்கும், பாஸ்பரசை 1க்கும் இறக்கச் சொன்னதன் பொருள், பாக்டீரியாக்களைக் காற்றுள்ள தொட்டி, காற்றில்லாத தொட்டி என்று மாற்றி மாற்றி ஓட்டும் புதிய அலகுகள் தேவை என்பதே. நாட்டின் மற்ற நகரங்களைப் பார்க்க, தரத்தைப் பற்றி வாதிடும் நிலையில் சென்னை இருப்பதே பெரிது என்றும் சொல்லலாம்: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 அறிக்கைப்படி இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு 72,368 எம்.எல்.டி. கழிவுநீர் உண்டாகிறது, அதில் உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 20,236 மட்டுமே.

சென்னைக்கு இதில் ஒரு முன்னோடிப் பெருமை உண்டு, அதைத் தந்தது வறட்சி. 1990களின் தொடக்கத்திலேயே மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் கொடுங்கையூரின் சுத்திகரித்த நீரை விலைக்கு வாங்கி, தங்கள் வளாகத்தில் எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில், நம் பேச்சில் ஆர்.ஓ. முறையில், மேலும் தூய்மையாக்கிப் பயன்படுத்தத் தொடங்கின. நகரத்தின் குடிநீரில் பங்கு கேட்க முடியாத நிலையில் எடுத்த முடிவு அது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த 2019இல், கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 45 எம்.எல்.டி. ஆர்.ஓ. நிலையங்கள் இயங்கத் தொடங்கின. முதலாவது மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளுக்கும், இரண்டாவது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து சிப்காட் ஆலைகளுக்கும் நீர் தருகின்றன. நிலையத்தின் கழிவு அங்கே சரக்காகிவிடுகிறது, அது வராவிட்டால் கேட்பதற்கு ஒரு வாடிக்கையாளரும் இருக்கிறார். அரசு அமைப்பு ஒன்றைச் சரியாக இயங்க வைக்க இதைவிடப் பலமான தூண்டுகோல் எனக்குத் தெரிந்து இல்லை.

செலவுக் கணக்கும் இந்த மறுபயன்பாட்டின் பக்கமே நிற்கிறது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறோம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. கழிவுநீரில் ஒன்றிரண்டு கிராம். உப்பு குறைந்தால் அழுத்தம் குறைவு, மின்சாரம் குறைவு. ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க மூன்று, நான்கு யூனிட் தேவை. சுத்திகரித்த கழிவுநீருக்கு அதில் பாதிகூட ஆகாது. சிரமம் மனத்தில்தான். நெசப்பாக்கத்தில் நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டரை நுண்வடிகட்டலில் தூய்மையாக்கிப் போரூர் ஏரியில் சேர்க்கும் திட்டம் பேசப்பட்டபோது பலர் முகம் சுளித்தார்கள். நமீபியாவின் விண்ட்ஹோக் நகரம் 1968 முதல் இப்படித் தூய்மையாக்கிய கழிவுநீரை நேரடியாகவே குடிநீரில் கலக்கிறது. நம் ஊரிலோ, செப்டிக் டேங்குக்கு இருபதடி தள்ளிப் போட்ட ஆழ்துளைக் கிணற்று நீரில் யாரும் கூச்சப்படாமல் பல் துலக்குகிறார்கள்.

இதற்கிடையே ஆற்றங்கரையில் வடிகால் வாய்களை மறித்து, அந்த இடத்திலேயே சிறு நிலையம் கட்டிச் சுத்திகரிக்கும் வேலையைச் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை முன்னெடுத்து வருகிறது. ஆற்றை உடனடியாகக் காப்பாற்ற அது உதவும். வடிகாலில் கழிவுநீர் வருவதை ஒரு நிரந்தர ஏற்பாடாக ஒப்புக்கொள்வதும் அதில் அடங்கியிருக்கிறது என்பது என் தயக்கம்.

எனவே ஒரு நிலையம் எப்படி இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர், அதன் கொள்திறனைக் கேட்பதைவிட அதன் அன்றாடப் பதிவேட்டில் இரண்டு பத்திகளைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது: உள்ளே வந்த நீரின் அளவு, உள்ளே வந்த நீரின் பி.ஓ.டி. மே மாதத்தில் அளவு கொள்திறனுக்கு வெகுவாகக் குறைந்து, பி.ஓ.டி. மட்டும் உயர்ந்திருந்தால், அந்த வட்டாரத்தின் கழிவுநீரில் ஒரு பங்கு வேறெங்கோ போய்க்கொண்டிருக்கலாம். நவம்பரில் அளவு கொள்திறனைத் தாண்டி, பி.ஓ.டி. 100க்கும் கீழே இறங்கியிருந்தால், அன்று வந்தது பெரும்பாலும் மழை. எங்கோ ஒரு தெருவில் யாரோ கடப்பாரையால் மூடியைத் திறந்திருக்கிறார்கள்.